ஒன்பது சதுரடி

கருங்கல் சந்தை தாண்டி, பாலூர் போகிற வழியில்
ரப்பர் விளைக்கு நடுவில் ஒரு வீடு.
பூச்சு முடிந்துவிட்டது.
தரை மட்டும் சாம்பல் நிறத்தில்
என்னைப் பார்த்துக் கிடந்தது.

நான் டைல்ஸ் ஒட்டுகிறவன்.
முதலில் அளவு நாடா ஓடும்,
பிறகு உதடு அசையும்.
பென்சில் காதிலேயே இருக்கும்.

நடு முறி பதிமூணுக்குப் பதினேழு.
பதிமூணோடு அந்த ஏழைச் சேர்த்தேன், இருபது.
பின்னால் ஒரு சைபர், இருநூறு.
மூவேழு இருபத்தொன்று.
இருநூற்று இருபத்தொன்று என்று
சுவரில் நான் கீறி முடித்த பிறகுதான்
கூட வந்த பையன் போனின் பூட்டைத் திறந்தான்.

வித்தை ஒன்றுமில்லை, தரையைப் பார்த்தால் போதும்.
பத்துக்குப் பத்தாக ஒரு பெரிய சதுரம் கிடக்கும்.
பக்கத்தில் ஏழடிப் பட்டை,
கீழே மூன்றடிப் பட்டை,
இரண்டுக்கும் நீளம் பத்து.
ஒன்றைப் பெயர்த்து மற்றதோடு சேர்த்தால்
பத்தடி அகலத்தில் இருபதடி ஓடுகிற வராந்தா.
மிச்சம் ஒரு மூலை,
மூணுக்கு ஏழு, ஒல்லியான குளிமுறி போல.
அந்த மூலையை மறந்தவன்
டைல் குறைந்து மார்த்தாண்டத்துக்கு மறுபடி வண்டி பிடிப்பான்.
அங்கே அதே பூ இருக்கும்,
அதே நிறம் இருக்காது.

ரசலையன் முடிக்காமல் விட்டுப்போன வீடு.
மகன் ஷைன், மகள் பெனிலா.
குவைத்திலிருந்து நாற்பது நாள் லீவில் வந்திருந்தாள்,
ஆஸ்பத்திரி வேலை.
முன்னால் பதினைந்துக்குப் பதினைந்து அவனுக்கு,
பின்னால் பன்னிரண்டுக்குப் பதினெட்டு அவளுக்கு.
செலவு பாதிக்குப் பாதி.

“ரெண்டும் ஒண்ணுதான் பிள்ளே” என்று
சணல் நூலைச் சுவரோரமாகப் பிடித்துக் காட்டினான்.
இங்கேயும் சுற்றி அறுபதடி,
அங்கேயும் சுற்றி அறுபதடி.
“நூலு பொய் சொல்லுமா?”

நூல் பொய் சொல்லவில்லை.
நூலுக்குச் சுவர்தான் தெரியும்,
தரை தெரியாது.

எனக்குத் தெரியும்.
பதினைந்து பதினைந்தை
பதினாலு பதினாறாக இழுத்தால் ஒன்று போகும்.
பதிமூணு பதினேழானால் நாலு போகும்.
இன்னும் ஓரடி இழுத்தால் ஒன்பது.
தெரிந்தும் நான் கலவையைக் கிளறினேன்.
கூலி தருகிறவன் ஷைன்.

அவள் ஜன்னல் வழியாக ரப்பர் மரங்களைப் பார்த்தபடி நின்றாள்,
சலைன் சொட்டுகளை எண்ணுகிற கண்.
“பன்னிரண்டும் எட்டும் இருபது” என்றாள் மெதுவாக.
“பதினைஞ்சும் அஞ்சும் இருபது.
இருநூறு வரைக்கும் ரெண்டும் ஒண்ணுதான் அண்ணா, நீ சொன்னது சரிதான்.
ஆனா மூலை?
எனக்கு ஈரெட்டு பதினாறு.
உனக்கு ஐயஞ்சு இருபத்தஞ்சு.”

கலவை கரண்டியிலேயே நின்றது.
பையன் போனைப் பார்த்துத் தலையாட்டினான்,
யாரும் கேட்காமலே.

ஷைன் சிரித்தான்.
“ஒம்பது அடிதானே? ரெண்டேகால் டைலு.
இதுக்குப் போயா?”

“முறி நீயே வச்சுக்கோ.
டைல்ஸும் கூலியும் பாதி பாதி வேண்டாம்,
அவங்கவங்க அடிக்கு அவங்கவங்க காசு.”
அவ்வளவுதான் சொன்னாள்.
பிறகு மீன்காரன் ஹாரன் கேட்டு வெளியே போனாள்.

அன்றைக்கு முன் முறியின் மூலையில்
சும்மா சாக்கால் கோடு போட்டுப் பார்த்தேன்,
மூணுக்கு மூணு.
ஒரு ஆள் சம்மணமிட்டு உட்காரலாம்.
படுக்க முடியாது.
கோட்டுக்கு மேலேயே டைலை ஒட்டினேன்.

சாயங்காலம் எங்களுக்குச் சாயா கொண்டுவந்தவள்
தன் டம்ளரோடு போய்
கோடு தெரியாத அந்த இடத்தில்
சரியாக உட்கார்ந்தாள்.

ஒட்டி அரை நாள்கூட ஆகவில்லை,
ஆள் ஏறினால் டைல் அசையும்.
எழும்புங்கோ என்று சொல்லவேண்டியது என் வேலை.
சொல்லவில்லை.
அவள் ஊதி ஊதிக் குடித்து முடிக்கிற வரைக்கும்
நான் நாடாவைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.